ஞாயிற்றுக்கிழமை தூங்கிய மீன் ஏலம்

லோகு ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்டு. சிறுசேரி ஐ.டி. பூங்கா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கெட்டிக்கார சோம்பேறி கிடைக்கமாட்டான். சர்வர், டேட்டாபேஸ் எதையும் கையால் அமைக்கமாட்டான். எல்லாவற்றையும் ஒரு தடவை கம்ப்யூட்டர் கோடாக எழுதி வைத்துவிடுவான். அதை ஓட்டினால் சோதனைக்கு ஒரு சர்வர், நிஜத்துக்கு ஒரு சர்வர் என்று அச்சு அசலாக எழுந்து நிற்கும். "ஒரே கோடு கீர்த்தனா, பேர மட்டும் மாத்து" என்பான். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அந்தக் கோடை வைத்துத்தான் தன் ஊரான சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏலத்துக்கு ஒரு ஆப் செய்தான். ஊர்ச் சேவை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஏலம் விடுவது பவானி அத்தை. அவர் மகள் ரஞ்சிதாவும் இவனும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தார்கள். அத்தைக்குத்தான் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை மேல் நம்பிக்கை இல்லை.

"நான் வாயத் தொறக்காம ஒன் ஆப்பு ஒரு கூட மீனு வித்துக் காட்டட்டும். அப்பால தேதி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆபீசில் வாரம் முழுக்கச் சோதித்தோம். பிசகே இல்லை. ஞாயிறு விடியற்காலை சாட்சிக்கென்று என்னையும் மதுராந்தகத்தில் என் வீட்டிலிருந்து இழுத்து வந்துவிட்டான். தூக்கம் கெட்ட எரிச்சலில் நான் கரையில் நின்றேன். மீன் வந்து இறங்கியது. அத்தை வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் போனைத் திறந்தார்கள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னா நைனா, சுத்திகினே கீது?" என்றார் வியாபாரி மூர்த்தி.

வெயில் ஏறியது. அத்தை பொறுத்துப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வஞ்சரம்! யாருப்பா கேக்கறது?" என்று ஒரு குரல் கொடுத்தார். மளமளவென்று கூடைகள் காலியாயின.

லோகு ஐஸ்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தான். பாவி! சோதனை சர்வர் வெட்டியாக ஓடக்கூடாதென்று, இரவிலும் சனி ஞாயிறிலும் அணைந்து, ஆபீஸ் நேரத்தில் மட்டும் எழும்படி கோடில் எழுதியிருந்தான். ஊர் சர்வருக்குப் பெயரை மாற்றினான், அந்த நேரத்தை மாற்றவில்லை. சதுரங்கப்பட்டினத்து சர்வர் சிறுசேரிக்காரன் மாதிரி ஞாயிறு லீவில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. மீன்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமையின் அருமை தெரியவேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தூங்கற நேரத்த கோடுலேர்ந்து வெளிய எடுடா! எடத்துக்கு எடம் தனி ஃபைல்ல வை!"

வைத்தான். ஓட்டினான். ஆப் கண் விழித்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கூடை நெத்திலி. கேட்க ஆளில்லை. லோகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நெத்திலி ஆயக்கூடத் தெரியாத நான், பல்லைக் கடித்துக்கொண்டு என் போனில் ஏலம் கேட்கும் பட்டனை அழுத்தினேன்.

"வித்துடிச்சி அத்த!" என்று லோகு கத்தினான்.

"அது கெடக்கட்டும். இம்மா நேரம் ஏன் எய்ந்திரிக்கல?"

லோகு மறைக்காமல் சொன்னான். அத்தை இடுப்பில் கை வைத்தார்.

"நைட்டும் லீவு, ஞாயித்துக்கெயமையும் லீவா? கண்ணாலம் கட்டினா வூட்லயும் இப்டித்தானா?"

"இல்ல அத்த. வூட்டுக்கு வேற ஃபைலு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"ரஞ்சிதா, அந்த ஃபைல நீயே எய்திடு. இவன்கிட்ட வுட்டா ஆபீஸ்லேர்ந்து காப்பி அட்ச்சிடுவான். தையில தேதி பாக்கலாம்."