ஒரு ஜக் தண்ணீர் அதிகம்

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணாடியின் மேல் இன்னொன்றை அடுக்கும்போது நடுவில் காகிதம் வைக்க முப்பது வருடமாக மறந்ததே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை இரண்டு பெரிய கண்ணாடிகளைக் கழுவி, ஈரத்தோடு மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தார் என்றால், கைத்தவறு என்று யார் நம்புவார்?

மனைவி போய் ஐந்து வருடம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர்க் கடைத் தையற்காரம்மாவின் மிஷின் சத்தத்தோடு சாப்பிடுவார். மிஷின் நின்றால் இவர் மெல்லுவதும் நிற்கும். அந்த அம்மாவும் தனிக்கட்டைதான். 'சேர்ந்து இருந்தால் என்ன?' என்று கேட்டுவிட ஒரு வருடமாகத் துடிக்கிறார். கேட்பதற்கு அந்த அம்மா ஒரு கால் மணி நேரமாவது பக்கத்தில் நிற்க வேண்டாமா?

அதற்குத்தான் இந்தத் தண்ணீர் வேலை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஈரம் மெல்லிசாகப் படர்ந்துவிட்டால் இழுத்துப் பிரிக்க முடியாது. மெதுமெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். நான்கு கை வேண்டும். நன்றாகவே ஒட்டட்டும் என்று ஒரு ஜக் தண்ணீரைக் கொட்டியிருந்தார்.

"கொஞ்சம் வரீங்களாம்மா? கண்ணாடி ஒட்டிக்கிச்சு."

தையற்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். "பசை கொட்டிட்டீங்களா சார்?"

"வெறும் தண்ணிதாங்க. அது கண்ணாடியையும் பிடிச்சுக்கும், தன்னைத்தானேயும் பிடிச்சுக்கும். லேசுல விடாது."

"பரவாயில்லையே, மனுஷங்களுக்கு மேல!"

கடைக்காரருக்குக் காது சிவந்தது. இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினார்.

அதற்குள் அந்த அம்மா ஓரத்தை ஒரு தள்ளுத் தள்ள, மேல் கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்து இவர் நெஞ்சில் முட்டியது. ஒட்டுவதற்கு நாலு சொட்டு போதும். ஜக் தண்ணீர் வழுக்கத்தான் செய்யும். கடைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு இவரே சொல்லிக் கொடுக்கிற பாடம். அன்று ஆசாமிக்கு நினைவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா கூப்பிட்டீங்க, அண்ணே?"

நேற்று வரை சார். இன்றைக்கு அண்ணன்.

"ஒரு டீ..."

"தைக்கிற துணி பாதியில கெடக்குண்ணே." போயே போய்விட்டார்.

கண்ணாடி இரண்டு கைக்குள்ளும் இருந்தது. ஆள் உயரக் கண்ணாடி; இறக்கி வைக்க இன்னொருவர் பிடிக்க வேண்டும். கூப்பிட்டிருக்கலாம். தங்கச்சி என்றாவது கூப்பிட்டிருக்கலாம், உரிமையோடு வந்திருப்பார். கடைக்காரர் சட்டை நனைய நனைய அப்படியே நின்றுகொண்டிருந்தார்.