பாறைக்குள் சொடுக்குகிறவன்

இம்கா வீட்டில் பவளம் வளர்க்கிற கண்ணாடிக் கடல் தொட்டிக்குள் இரண்டு வாரமாக யாரோ விரல் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். 'டிக்' என்று ஒன்று. ஆளை மறக்கவிட்டு மறுபடி ஒன்று.

சத்தம் வந்த இடம்தான் சிக்கல். தொட்டியின் நடுப்பாறை. பதினொரு வருஷத்துக்கு முன் கட்டைவிரல் நகமளவில் அவள் ஒட்டிவைத்த ஊதாப் பவளம், இன்று ஒரு முட்டைக்கோஸ் அகலத்துக்கு அந்தப் பாறையைக் கவ்விப் படர்ந்திருந்தது.

அவள் கணவன் ஹார்ம் எதையும் பொறுத்துப்போகிறவன். ஆனால் சாப்பாட்டு நடுவில் 'டிக்' கேட்டால் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். தொட்டியில் அறுநூறு லிட்டர் தண்ணீர். கீழ்வீட்டில் ஒருத்தர் பியானோ வைத்திருந்தார். தொட்டி உடைந்து தண்ணீர் கீழே இறங்குமோ என்று பயந்துபோய் அவன்தான் ஓக்கோவைக் கூப்பிட்டான்.

ஓக்கோ, அவர்கள் ஊரான க்ரோனிங்கனில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் சங்கத்தின் தலைவர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதன்மேல் முத்திரை குத்தினமாதிரி. வந்தார், கண்ணாடியில் காதை வைத்தார், டார்ச் கூட அடிக்காமல் தீர்ப்புச் சொன்னார்: பாறைக்குள் இருப்பது கும்பிடுபூச்சி இறால். நத்தையைக் குத்தி உடைப்பான், நாளைக்குக் கண்ணாடியையும் உடைப்பான். பாறையை எடுத்து உப்பில்லாத நல்ல தண்ணீரில் முக்கினால் மூச்சுமுட்டி வெளியே வருவான். பவளம்? அது போனது போனதுதான்.

நாளைக்கே முக்கிவிடலாம் என்றார். இம்கா சந்தையில் துணிக்கடை போடுகிறவள். முதல் விலைக்கு அவள் எதையும் வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை. ஒரு மாதம் கேட்டாள். அவர் மூன்று நாளுக்கு ஏறினார், அவள் இரண்டு வாரத்துக்கு இறங்கினாள். கடைசியில் அடுத்த வாரத்து ஞாயிறு காலை என்று படிந்தது. எழுந்துபோகிறவரை நிறுத்தி ஒரு கொசுறும் கேட்டாள்: தீர்ப்பு தப்பாக இருந்தால் சங்கம் முழுவதற்கும் அவர் க்ரீம் கேக் வாங்கவேண்டும், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தப்பு என்று சொல்லவேண்டும். ஓக்கோ சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

பாட்டிலில் சிப்பிக்கறி வைத்துப் பொறி போட்டாள். ஒரே சங்கு நண்டு இரண்டு தடவை வந்து மாட்டியது. சிவப்பு டார்ச் அடித்துக் காத்திருந்தாள். பொந்திலிருந்து இரண்டு மீசை எட்டிப்பார்த்து உள்ளே போயின. மீசை எந்த இறாலுக்குத்தான் இல்லை? சனிக்கிழமையும் போயிற்று.

ஞாயிறு காலை ஹார்ம் தரையில் பழைய செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தான். ஓக்கோ வாளியோடு படியேறும் சத்தம் கேட்டது. இம்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாராவாரம் துவைக்கிற, தொட்டித் தண்ணீரை வடிகட்டும் பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். பையை உள்வெளியாகப் புரட்டி, நாறும் சகதியைக் குழாயில் காட்டப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

சகதிக்குள் ஒரு கண்ணாடிச் சட்டை. இறால்கள் வளரும்போது உரித்துப்போடுகிற ஓடு. கால், மீசை, கண்மூடி எல்லாம் அப்படியே இருந்தன.

கழற்றிப்போட்ட சட்டையை வைத்து ஆளின் அளவு சொல்வது அவள் தொழில். இடது கை, சின்னக் கொடுக்கு. வலது கை, உடம்பில் பாதி நீளத்துக்கு வீங்கிய ஒரு பெரிய கொடுக்கு. அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

ஒரு கறுப்பு வெல்வெட் துண்டில் அதை விரித்து, வாடிக்கைக்காரருக்குக் காட்டுவதுபோல ஓக்கோ முன்னால் வைத்தாள்.

"கும்பிடுபூச்சி இறாலுக்கு எத்தனை கொடுக்கு, ஓக்கோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துவிட்டு மறுபடி போட்டார். "கொடுக்கே கிடையாதும்மா. ரெண்டு கையையும் ஒரே மாதிரி மடக்கி வச்சிருக்கும்."

"இதுக்கு?"

ஓக்கோ துண்டின்மேல் குனிந்தார். "இது சொடுக்கு இறால். பெரிய கொடுக்கைப் படக்குன்னு மூடினா அந்தச் சத்தம் வரும்."

ஹார்ம் குறுக்கே வந்தான். "கண்ணாடியை உடைக்குமா, உடைக்காதா?"

"உடைக்காது. சத்தம் மட்டும்தான்."

"அப்ப நம்ம தலைவர் மாதிரின்னு சொல்லுங்க," என்று ஹார்ம் செய்தித்தாள்களை மடிக்க ஆரம்பித்தான்.

இம்கா அதோடு விடுகிறவளா. இரண்டு மாதத்துக்கு முன் அவள் தொட்டிக்குள் போன ஒரே புதுக் கல், ஓக்கோ தன் தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு பூச்சி கூட இல்லை என்று சத்தியம் செய்து, அவளுடைய இரண்டு பவளக் கிளைக்கு மாற்றாகக் கொடுத்த கல். அங்கிருந்து இறங்கித்தான் இவன் நடுப்பாறையில் குடியேறியிருக்கிறான்.

"உங்க வீட்டுப் பிள்ளைதான். அவன் குரலே உங்களுக்கு அடையாளம் தெரியலையே," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சங்கத்தில் கேக் வந்தது, க்ரீம் இரண்டு விரல் தடிமனுக்கு. ஓக்கோ எழுந்து தப்பு என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தார். இம்கா வாயில் க்ரீமோடு கை தூக்கினாள்.

"பின் வரிசைக்குக் கேக்கலையாம்."

அவர் இன்னொரு தடவை சொன்னார், சத்தமாக.

வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது 'டிக்' கேட்டது. ஹார்ம் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "புதுச் சட்டை சரியா இருக்காம்," என்று உருளைக்கிழங்கைக் குத்தி எடுத்தான்.