சுவிஸில் ஒரு தம்பி

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இரக்கத்தில் பிறந்தது என்று எழுதியிருந்தால் உங்களுக்கு என்மேல் மதிப்பு வந்திருக்கும். எங்கள் தேவாலயத்துப் பங்கு மலருக்கு நான் எழுதுகிற கதைகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். இதை அந்த மலருக்குக் கொடுக்க முடியாது.

என் பெயர் இராசமலர். கொழும்புத்துறையில் இருக்கிறேன். கணவர் சிமியோன் கரையோரத்தில் வலை போடுகிறவர். இப்போது வலையில் மீனைவிடச் சாதாளை என்கிற கடற்புல்தான் கூட வருகிறது. மகள் நிவேதனா வருகிற வருடம் தரம் ஆறு. பக்கத்து வளவில் சுபாஜினி. அவளின் மகள் வினோஜாவுக்கும் அதே வயது.

இங்கே கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. (பெயரை எழுதிவிட்டு வெட்டிவிட்டேன்.) மடத்துப் பாடசாலையில் ஆங்கிலத்தில் படிப்பிப்பார்கள். கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆனால் வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, சீருடையிலிருந்து மதியச் சாப்பாடு வரை எல்லாம் இலவசம். இந்த வருடம் அது வினோஜாவுக்கு என்று முடிவாகிவிட்டது. அநேகமாக. அந்த ‘அநேகமாக’தான் என்னை எழுத வைத்திருக்கிறது.

2.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

“மடத்து வாசலில் சுபாஜினி ஒரு நிமிடம் நின்றாள். நெற்றியிலிருந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே—”

விட்டுவிட்டேன். அவள் துடைக்கவில்லை. புத்தூர்த் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்த சைவப் பெண், பூசின திருநீற்றோடுதான் போனாள். மடத்துச் சிற்றாலயத்துக்குப் பூக்கொண்டு போன நான் கண்ணால் கண்டேன். பாடசாலைக்குப் பொறுப்பான சிஸ்டர் அவளைக் கதிரை போட்டு இருத்தினார். எத்தனையோ வருடமாகப் பூக்கொண்டு போகிறேன், எனக்கு அங்கே யாரும் கதிரை போட்டதில்லை.*

* அந்த இலவச இடத்தை நானும் போய்க் கேட்டிருக்கலாம். வேதக்கார வீடு, பங்கில் அன்பியக் குழுவுக்குப் பொறுப்பாளர், ஒழுங்கையில் செபக்கூட்டம் நடத்துகிறவள். தாங்களாகவே கூப்பிட்டுத் தருவார்கள் என்று இருந்துவிட்டேன். அவள் வெட்கப்படாமல் போய்க் கேட்டாள். பொறாமையில் பாதி அதற்குத்தான்.

3.

மீதிப் பாதி கிளினிக்குக்கு.

சுபாஜினியின் கணவன் ஜெயசுதன் மேசன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறான். மடத்துக் கிளினிக்கிலிருந்து கிழமைக்கு ஒருதரம் சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். மருந்தும் சும்மாதான். எனக்கு மூச்சிழுப்பு. அதே கிளினிக்கில் நான் மூச்சுக்கு அடிக்கிற பம்புக்குப் பாதி விலை கொடுக்கிறேன். இடுப்பு உடைந்த மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இவள் என்ன பெண் என்று நீங்கள் கேட்கலாம். அவனுடைய மருந்துத் துண்டில் ‘இலவசம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த பெண்.

இன்னொன்றும் உண்டு. சுபாஜினிக்குச் சுவிஸில் ஒரு தம்பி இருக்கிறான், சிவரூபன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறான். பனிக்காலத்தில் கை வெடிக்கும், எண்ணெய் பூசிக்கொண்டு படுப்பான். மாதம் தவறினாலும் அக்காவுக்கு அனுப்புகிற காசு தவறாது. அவள் இதை ஒருவருக்கும் சொல்வதில்லை.

4.

சிவரூபன் என்று ஒருவன் இல்லை.

சுபாஜினிக்குக் கூடப்பிறந்தவர் ஒரேயொரு அக்காதான். புத்தூரில் கூலிக்கு வெங்காயம் நடுகிறாள். தம்பியை நான்தான் உண்டாக்கினேன். அவன் இல்லாமல் எழுதிப்பார்த்தபோது கதை முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் அவளுக்காக அழுவார்கள் போலிருந்தது. அதுவும் அவளுக்குத்தானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

நீங்களும் உடனே நம்பினீர்கள். குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டைக் காட்டி ‘வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது’ என்று சொன்னாலும் ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இந்தக் கதையில் நன்றாக அமைந்த பாத்திரம் அவன்தான். அந்த வெடித்த கைகளில் எனக்கே இரக்கம் உண்டு.

5.

இது கற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிய பாடசாலைச் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். சைவ வீட்டுக்கு அந்த இடத்தைக் கொடுப்பதற்குப் பங்கில் சிலர் முணுமுணுக்கிறார்களாம். அவருக்கு அதில் பிரச்சினை இல்லை. உண்மையில் வசதியில்லாத வீடுதானா என்று மட்டும் தெரிய வேண்டும்.

“இராசமலர், நீங்கள் பக்கத்து வீடு. உங்களை நம்பித்தான் கேக்கிறன். அவைக்கு வெளிநாட்டிலை ஆரும் இருக்கினமோ?”

சிவரூபன் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டான். நல்ல வேளையாக எனக்கு இருமல் பிடித்தது. சிஸ்டர் என் முதுகைத் தடவிவிட்டார்.

“அவசரமில்லை. ஞாயிறு பூசை முடிய வந்து சொல்லுங்கோ. அது சரிவராட்டி உங்கடை நிவேதனாவைத்தான் நினைச்சு வைச்சிருக்கிறன்.”

அந்தக் கடைசி வசனத்தைச் சிஸ்டர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் நல்லவளாகவே வீட்டுக்கு வந்திருப்பேன்.

6.

இன்று சனி. காலையில் சுபாஜினி வேலியடிக்கு வந்தாள்.

“அக்கா, எங்களைப் பற்றிச் சிஸ்டர் உங்களிட்டைத்தான் கேட்டவாவாம். நல்லதாப் போச்சு. வேறை ஆரிட்டையும் கேட்டிருந்தால் எனக்குப் பயமாயிருந்திருக்கும்.”

ஓம் என்று மட்டும் சொன்னேன்.

[முதல் பிரதியில், இதைச் சொல்லும்போது அவள் என்னைக் கடைக்கண்ணால் பார்ப்பதாக எழுதியிருந்தேன். அவள் நேராகத்தான் பார்த்தாள். வரியை எடுத்துவிட்டேன்.]

அவளுக்கு என்மேல் இருக்கிற நம்பிக்கையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். எனக்கு யார்மேலும் அப்படி ஒரு நம்பிக்கை வந்ததில்லை.

7.

முடிவுகள்.

அ. “இல்லை, சிஸ்டர். ஒருத்தரும் இல்லை.” வினோஜா ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சீருடையில் என் வாசல் படலையைத் தாண்டிப் போவாள். நிவேதனா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நன்மை செய்தால் மனம் இலேசாகும் என்று பங்கு மலரில் எழுதியவள் நான்தான். எனக்கு இலேசாகாது.

ஆ. “ஓம், சிஸ்டர். சுவிஸில் ஒரு தம்பி.” சிமியோன் மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போவார். நிவேதனா கெட்டிக்காரி, படித்து முன்னுக்கு வருவாள். சுபாஜினி வேலியடிக்கு வந்து, யாரோ பொய் சொல்லிவிட்டார்கள் அக்கா என்று என்னிடம்தான் அழுவாள்.

இ. சிஸ்டர் எங்கிருந்தோ இன்னோர் இடம் எடுத்து இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்—

இதைப் பங்கு மலருக்கு வைத்திருக்கிறேன். இருப்பது ஒரு இடம்.

நாளை ஞாயிறு. பூசை முடிந்ததும் சிஸ்டர் வந்து கேட்பார், நான் ஏதாவது சொல்லத்தான் வேண்டும். முடிவை உங்களிடம் விடலாம் என்றால், எல்லோரும் யோசிக்காமல் ‘அ’ என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் ஒரு நிபந்தனை. உங்கள் வீட்டிலும் ஒரு நிவேதனா இருந்தால், பணம் இல்லை என்று அவளுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், நீங்கள் சொல்லுங்கள். மற்றவர்களின் பதில் எனக்கு வேண்டாம்.