பாட்டை வெட்டிய பேட்டி

ஸஜாத் கல்முனையில் உயர்தர வகுப்புகளுக்குக் கணக்கியல் படிப்பிக்கும் ஆசிரியர். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், தானே கிற்றார் வாசித்துப் பாடி இணையத்தில் ஏற்றுவார். பல வருடங்களாக இதைச் செய்துவந்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் அவருடைய மாணவர்கள்தான். பரீட்சை முடிந்ததும் அவர்களும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவரைப் பேட்டி காண வந்தவன் பர்ஹான். யூடியூப்பில் ஒரு சேனல் வைத்திருந்தான். அந்தக் கிழக்குக் கரையில் அவன் பேட்டி எடுக்காத ஆட்கள் குறைவு. ஆளுயரப் புடலங்காய் விளைவித்தவர், சைக்கிளில் இலங்கையைச் சுற்றியவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கொத்து ரொட்டி போடுபவர் என்று யாரையும் விடுவதில்லை. எல்லாரிடமும் அவன் கேட்பது ஒரே கேள்விகள்தான். புடலங்காய்க்காரரிடமும், இந்தத் துறைக்கு வரத் தூண்டியது யார் என்று கேட்டிருக்கிறான். அந்தச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து வருவதாக இருந்த நடிகர் ஒருவர் வரவில்லை. வாடகைக்கு எடுத்த லைட்டுகள் சும்மா கிடந்தன. வேறு யாரும் அகப்படாமல்தான் அவன் ஸஜாத்துக்குப் போன் எடுத்தான்.

ஸஜாத்துக்கு அது தெரியாது. காலையிலேயே உடுத்தப்போகும் சேட்டை அயன் செய்து வைத்தார். கிற்றாருக்குப் புதுத் தந்தி மாட்டினார். அவருடைய மனைவி கைருன்னிஸா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. உடுத்திக்கொண்டு நின்றவரைப் பார்த்து, பொண்ணு பார்க்கப் போறீங்களா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

பர்ஹான் வந்து லைட்டுகளைப் பூட்டி நிறுத்தினான். வீட்டுக்குள் நுழையும்போது காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டவன், கமரா ஓடத் தொடங்கியதும் சேர் என்று மாற்றிக்கொண்டான். நேரம் கிடைக்காததால் பாட்டு ஒன்றையும் கேட்கவில்லை, கேட்காமல் வந்தால்தான் பேட்டி இயல்பாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னான். ஸஜாத்தின் முகம் அந்த இடத்தில்தான் மாறியது. அதுவரை நல்ல பிள்ளையாகப் பதில் சொல்ல நினைத்திருந்தவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சுயாதீனக் கலைஞர் என்றால் என்னவென்று நேயர்களுக்கு விளக்கச் சொல்லிக் கேட்டான் பர்ஹான்.

"ஒருத்தரும் கூப்பிடாத ஆள்," என்றார் ஸஜாத்.

பர்ஹான் பலமாகத் தலையாட்டினான். பிறகு, ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்று கேட்டான்.

"முதல்ல ஃபேன நிப்பாட்டணும். அந்தச் சத்தம் மைக்கில விழும். மறுகா ஜன்னல அடைக்கணும். மறுகா சேட்டக் கழட்டணும், இல்லாட்டி வெக்கையில மயங்கிருவம். அலுமாரியத் துறந்து உடுப்புகளுக்குள்ள தலைய விட்டுப் பாடணும், அப்பதான் எதிரொலி வராது. பாட வாயத் துறக்கக்குள்ள பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் வரும். அது போனா மீன்காரர் வருவார். எல்லாம் அடங்கினாப் பொறகு பார்த்தா மெட்டு மறந்து போயிரிக்கும்."

"இல்ல சேர், நான் கேட்டது அந்த உந்துதல். உள்ளுக்கிருந்து வாறது."

"அதத்தான் சொல்றன். வேர்வை."

குசினிக்குள் ஒரு கோப்பை விழுந்தது. கைருன்னிஸா சிரிப்பை அடக்கப் போய்க் கைதவற விட்டிருந்தாள்.

பாட்டுக்கு மக்களிடம் வரவேற்பு எப்படி என்பது அடுத்த கேள்வி. தன் பாட்டொன்றில், தெருவில் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ போடும் மியூசிக் விழுந்துவிட்டது, அதை எடுக்க முடியாமல் அப்படியே ஏற்றிவிட்டேன் என்று சொன்னார் ஸஜாத். அதற்குக் கீழே யாரோ ஒருவர், கீபோர்ட் வாசித்தவர் கெட்டிக்காரர் என்று எழுதியிருந்தாராம். தனக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்றும், அதை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டதாகவும், பாண்காரர் மிகவும் சந்தோஷப்பட்டதாகவும் சொன்னார்.

பர்ஹான் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மார்க்கத்தில் பாட்டே கூடாது என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டான். சண்டை ஒன்று கிடைக்கும் என்ற ஆசை அவன் கண்ணில் தெரிந்தது.

"கூடாது எண்டு சொல்றவங்களும் என்ட பாட்டக் கேட்கிறல்ல. கூடும் எண்டு சொல்றவங்களும் கேட்கிறல்ல. இந்த ஊர்ல ரெண்டு பக்கமும் ஒத்துமையா இரிக்கிற விசயம் இது ஒண்டுதான். நான் ஏன் அதக் கெடுக்கணும்?"

கடைசியாக, அவன் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டான். இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?

"ஒரு மனிசனப் பேட்டி எடுக்கப் போனா, அவன்ட பாட்டு ஒண்டையாவது கேட்டுட்டுப் போங்க."

மிக நல்ல கருத்து என்று பர்ஹான் நன்றி சொன்னான். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ஸஜாத் கிற்றாரை எடுத்து, தான் நல்லதென்று நம்பிய பாட்டொன்றைப் பாடினார். பர்ஹான் கமராவை ஓடவிட்டுத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததைக் கவனிக்கச் சற்று நேரம் பிடித்தது அவனுக்கு. மாஷா அல்லாஹ் என்றான்.

பேட்டி இரண்டு நாளில் வெளிவந்தது. பாட்டு முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. தலைப்பு, ‘பாடகரின் வாய்க்கொழுப்பு’. ஸஜாத்தின் எந்தப் பாட்டுக்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. அக்கரைப்பற்றிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் டோஹாவிலிருந்தும் எழுதினார்கள். வேர்வை என்று அவர் சொன்ன துண்டை மட்டும் வெட்டி, சிரிப்பு மியூசிக் போட்டு எல்லாருக்கும் அனுப்பினார்கள். ஆசிரியர் ஓய்வறையில், அதுவரை அவரைப் பாட்டு என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கவே கூசியவர்கள், சேர் ஏதாவது சொல்லுங்களேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் தேநீர் கேட்டாலும் சிரித்தார்கள்.

ஸஜாத் பர்ஹானுக்குப் போன் எடுத்து, பாட்டை ஏன் வெட்டினாய் என்று கேட்டார். பாட்டு வந்தால் ஆட்கள் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார்கள் என்றான் அவன். சொன்ன தொனியில் வருத்தமே இல்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோல் சொன்னான்.

அடுத்த வாரம் சீனிமுகம்மது ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கல்முனை பஸாரில் அவருடைய புதிய புடவைக் கடை திறக்கப்பட இருந்தது. மேடையில் ஸஜாத் வந்து அந்தப் பேட்டியில் கதைத்ததுபோல் கொஞ்சம் கதைக்க வேண்டும், மற்றக் கடைகளை இலேசாகக் கிண்டலடித்தாலும் பரவாயில்லை, பெயர் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார். ஒரு பாட்டும் பாட விட்டால் வருகிறேன் என்றார் ஸஜாத். ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். சின்னப் பாட்டுத்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு எழும்பினார்.

அவர் போனதும் கைருன்னிஸா, போகவேண்டாம் என்றாள். அவர் ஒரு பகிடிக்காரனைக் கூப்பிட வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் என்றாள். ஸஜாத் கேட்கவில்லை. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், பிறகு பாட்டே தன் வேலையைப் பார்க்கும் என்று அவர் நம்பினார். கணக்குப் படிப்பிக்கிறவருக்கு இருக்கக்கூடாத நம்பிக்கை அது.

திறப்பு விழாவன்று பஸார் சனத்தால் அடைத்துக்கிடந்தது. கடை வாசலில் பலூன் வளைவு கட்டி, பாதையை மறித்துக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பர்ஹான் கமராவோடு முன்னுக்கு நின்றான். கைருன்னிஸாவும் வந்து பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் இருந்தாள். ஸஜாத் மேடையேறியதும், அவர் வாயைத் திறக்க முன்னமே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

அவர் கதைக்காமல் கிற்றாரை எடுத்தார். எங்கும் பாடாத புதிய பாட்டொன்றைப் பாடினார். கல்யாணமான புதிதில் கைருன்னிஸாவுக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இருவரும் இரண்டு வருடம் போனிலேயே குடும்பம் நடத்தினார்கள். பாட்டு அதைப் பற்றியது.

சாப்பிட்டியா எண்டு கேட்டன்
சாப்பிட்டன் எண்டாய்
நடுவில ஒரு பஸ் போச்சு
அவ்வளவுதான் கதைச்சம்.

முதல் வரிக்கே சிரிப்பு எழும்பியது. பாட்டில் பஸ் போனபோது கதிரையில் அடித்துச் சிரித்தார்கள். ஸஜாத் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள், மனிசன் என்னமாய் நடிக்கிறார் என்று. அவர் ஒரு வரியையும் விடாமல், அவசரப்படாமல் கடைசி வரை பாடி முடித்தார். கைதட்டல் பெரிதாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை கவனமாக அவருடைய பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை. அதில் ஒருவர்கூட அதைக் கேட்கவுமில்லை.

ஹாஜியார் மைக்கை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்து, கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லச் சொன்னார். ஸஜாத்துக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. இருந்ததைச் சொன்னார்.

"கட நல்லா இரிக்கி. துணியும் தரமான துணி. ஹாஜியார் நேர்மையான மனிசன்."

பஸார் வெடித்தது. நேர்மையான மனிசன் என்று ஒருவர் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஹாஜியாரின் முகம் கறுத்துப்போனது. அவர் மைக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மேடையிலிருந்து இறங்கியபின் ஸஜாத்திடம் வந்தார்.

"உங்களக் கூப்பிட்டு மேடை தந்ததுக்கு இதா தம்பி? சனத்துக்கு முன்னால என்ட நேர்மையப் பகிடி பண்ணிட்டீங்களே."

உண்மையாகத்தான் சொன்னேன் என்று ஸஜாத் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஹாஜியார் நம்பவில்லை. பிறகு அவரை எந்த விழாவுக்கும் யாரும் கூப்பிடவுமில்லை. ஹாஜியாரையே நையாண்டி செய்தவர் நம்மை விடுவாரா என்று பயந்தார்கள். பர்ஹான் அந்தப் பாட்டை ‘பஸ் போன காமெடி’ என்று பெயரிட்டு ஏற்றினான். ஒரு வாரம் ஓடியது. அதற்குள் நாவிதன்வெளிப் பக்கம் மூன்று கண்ணோடு ஒரு கன்று பிறந்து, சேனல் அங்கே போய்விட்டது.

அந்தத் திறப்பு விழா முடிந்த அன்று இருவரும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள். சிரித்த சனத்தைக் கைருன்னிஸா வழியிலேயே திட்டுவாள் என்று எதிர்பார்த்தார் ஸஜாத். அல்லது, போகவேண்டாம் என்று சொன்னேனே என்று சொல்லிக்காட்டுவாள் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து அபாயாவைக் கழற்றி மாட்டிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்க, அந்தப் பாட்டு என்னப் பத்தியா?"

"ஓம்."

"அப்ப ஏன் பொய் எழுதினீங்க? மன்னார்ல நான் இரிந்த விடுதிப் பக்கம் பஸ்ஸே ஓடல்ல. அது பின்னால கிடந்த தண்ணி மோட்டர். மறுகா, சாப்பிட்டன் எண்டு நான் எப்ப சொன்ன? பசி இல்ல எண்டுதான் சொன்னன். ரெண்டும் ஒண்டா?"

ரெண்டும் ஒன்றல்ல என்று ஸஜாத்துக்கு உடனே விளங்கியது. அவர் கட்டிலில் உட்கார்ந்து கிற்றாரை எடுத்து, அந்த இரண்டு வரிகளையும் மாற்றிப் பாடிப் பார்த்தார். மோட்டர் என்ற சொல் மெட்டில் இடித்தது. அவள் நின்றபடியே கேட்டாள்.

"இப்ப சரி. ஆனா அந்த இடத்த ஏன் அப்படி இழுக்கிறீங்க, பல்லு வலிக்காரன் மாதிரி? திரும்பப் படிங்க."

அவர் திரும்பப் பாடினார். அவள் இன்னும் இரண்டு பிழைகள் சொன்னாள்.