முதல்ல எனக்குப் பண்ணு

துணை இயக்குநர் கொண்டுவந்த தாளை வாசலில் நின்றபடியே படித்த மகள், மூன்றாவது வரியில் நின்று பேனா கேட்டாள்.

"இதை அடிச்சுடுறேன் சார்."

அவர் எட்டிப் பார்த்தார். 'எந்த வீட்டில் எந்த ஆபத்து என்றாலும் விரல் முதலில் தேடும் மூன்று எண்களை நமக்குத் தந்தவர்.'

"அதுதானேம்மா முக்கியமான வரி. ஆபீஸ்ல அவருக்குப் பேரே மூணு நம்பர் சார். லிஃப்ட்ல ஏறினார்னா, மூணாவது மாடியான்னு கேட்டுச் சிரிப்போம்."

"வேண்டாம் சார்."

வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்கு எழுதிய உரை அது. அப்பா செவ்வாய்க்கிழமையே போய்விட்டார். விழாவை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார்கள்: ஒரு கேடயம், ஒரு மைக், இருபது பேர். பூட்டிக் கிடக்கும் கைபேசியிலிருந்தும் அவசர அழைப்பு போயாக வேண்டும் என்று கம்பெனிகளோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டி விதி கொண்டுவந்தவர். அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

நேற்று வந்ததிலிருந்து பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்தது. வந்ததும் அவள் கைக்குக் கிடைத்தது அப்பாவின் கைபேசி. தவறிய அழைப்புகள் ஏழு. ஏழும் 'வீடு'. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே பதினான்கு நிமிடம்.

அப்போதே சமையலறையில் வைத்து அம்மாவைக் கேட்டாள்.

"அவர் விழுந்து கிடக்கார். நீ அவருக்கே போன் பண்ணியிருக்கே?"

அம்மா குழாயை மூடவில்லை. "ஆமா."

"ஏம்மா?"

"பழக்கம். சட்டைப் பைக்குள்ள மணி அடிச்சுது. எடுப்பார்னு நினைச்சேன்."

"ஏழு தடவையா?"

"அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி வந்துட்டா. அவதான் அந்த நம்பருக்கு அடிச்சா."

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியாமல் போயிற்றே. அதன்பிறகு மகள் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை.

"ஏன் வேண்டாம்னு சொன்னா நல்லாருக்கும்" என்றார் துணை இயக்குநர்.

"அம்மா அந்த நம்பருக்குக் கூப்பிடல. அப்பாவுக்கே கூப்பிட்டிருக்காங்க. உக்காந்து இந்த வரியைக் கேக்கணுமா?"

அவர் கேடயத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

"அது அவரே சொல்லிவெச்சதும்மா. எங்ககிட்ட பெருமையாச் சொல்வார். நீங்க சின்னதுல கையைச் சுட்டுக்கிட்டீங்களாமே, அம்மா பதறிப்போய் அந்த நம்பருக்கு அடிச்சாங்களாம். 'சின்ன விஷயத்துக்கெல்லாம் லைனை அடைக்காதே, எதுன்னாலும் முதல்ல எனக்குப் பண்ணு, நான் பார்த்துச் சொல்றேன்'னு சத்தம் போட்டாராம். என் வீட்டுலேர்ந்து ஒரு வீண் அழைப்பு போனதில்லைம்பார்." குரல் இறங்கியது. "நானும் என் வீட்ல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்பா கத்தியதும் அவளுக்கு நினைவிருக்கிறது. தன்னைத்தான் திட்டினார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

முன்னறையில் பூக்களுக்கு நடுவே அப்பாவின் முகம், கையெழுத்துப் போட்டு முடித்த கோப்பைப்போல நிம்மதியாக இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. பேனா தாளைக் கிழித்துவிடும்படி அந்த வரியை இரண்டு தரம் அடித்துக் கொடுத்தாள்.

துணை இயக்குநர் மைக்கைப் பிடித்துப் படித்தார். இரண்டாவது வரியிலிருந்து நான்காவதுக்குத் தாவியதும் அம்மா தலை நிமிர்ந்தாள்.

"ஒரு வரி விட்டுப் போச்சே தம்பி. போன வாரம் நீங்க அனுப்பினதை அவரே எனக்குப் படிச்சுக் காட்டினார்."

அவர் மகளைப் பார்த்தார். "இல்லம்மா, அது வேண்டாம்னு…"

"படிங்க. நல்லா சத்தமாப் படிங்க. அவருக்கும் கேக்கட்டும்."

வந்திருந்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

அடித்த கோடுகளுக்கு அடியிலிருந்து வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துப் படித்தார் துணை இயக்குநர். கடைசி வார்த்தை வரை அம்மா அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மகள் ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அவளருகே தரையில் உட்கார்ந்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. விரிப்பில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.