எழுந்து போகாத மேய்ப்பர்கள்

வெள்ளிக்கிழமை என்றால் அற்புதராஜ் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு இடமில்லை. வேலையிலிருந்து வந்ததும் அதைத் தள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கையறைக் கதவோரம் நிறுத்திவிடுவார். பாய் விரிப்பார், கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போடுவார், மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அடுப்படியில் அவர் மனைவி ஈவா மசால்வடை போட்டுக்கொண்டிருப்பாள். கடலைப்பருப்பு தேக்கா சந்தையில் வாங்கியதாக இருக்க வேண்டும். வேறு பருப்பில் சுட்டாலும் வருகிறவர்கள் முகம் சுளிக்காமல் தின்பார்கள்தான், ஆனால் லிஃப்டில் இறங்கும்போது பேசிக்கொள்வார்கள்.

சிங்கப்பூரில் புக்கிட் மேராவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடி வேதம் வாசித்துச் செபிக்கும் அன்பியம் அது. அற்புதராஜ்தான் அதற்குத் தலைவர். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை, கோவிலில் வாசகம் வாசிப்பவர், யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்றால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருதயராஜ் வீடு. ஒரு காலத்தில் இருதயராஜும் அன்பியத்துக்கு வந்தவர்தான், நல்ல குரல். மனைவி அல்போன்சம்மாள் இறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்தினார், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் காணோம். ஒரே மகள் டானியலா கல்யாணமாகி மெல்பர்னில் இருந்தாள். மனைவியைப் பறித்த ஆண்டவர்மேல் அவருக்குக் கோபம் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்பது மறந்துபோய், சொன்னது மட்டும் நிலைத்துவிட்டது. நம் ஆட்களுக்குக் காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், ஆளைப் போய்க் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அவருக்காகச் செபித்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. வாராவாரம் மன்றாட்டு நேரத்தில், நோயாளிகளுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் பிறகு, அற்புதராஜ் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொல்வார்: வழிதவறிப்போன எங்கள் சகோதரர் இருதயராஜ் மந்தைக்குத் திரும்பி வரவேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம். எல்லாரும் மறுமொழி சொல்வார்கள். காரிடார் பக்கத்துச் சன்னல் திறந்தே இருக்கும், சுவரும் கோட்டைச் சுவர் இல்லை. தன் பெயர் அங்கே ஏலம் போவது இருதயராஜுக்குக் கேட்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை ஈவா ஒரு தட்டில் வடையை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அற்புதராஜ் வேண்டாமென்றார். ஊதாரி மகன் கதையில் அப்பா மகனைத் தேடிப் போகவில்லையே, மகன்தானே புத்தி தெளிந்து வீட்டுக்கு வந்தான், நாம் போய்க் கெஞ்சினால் மனசு இன்னும் கெட்டிப்படும் என்றார். இயேசு சொன்ன உவமைகளில் நமக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் நம் எல்லாருக்கும் உண்டு. அந்தக் கதையிலேயே தூரத்தில் மகனைக் கண்டதும் அப்பா எழுந்து ஓடினார் என்று இருக்கிறது. அதை அவர் கோவிலில் எத்தனையோ முறை வாசித்தவர். தட்டு மேசையிலேயே இருந்தது.

இன்னொன்றும் நடந்திருந்தது. போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு நேரம் கடந்து நீண்டுபோனபோது, இருதயராஜ் சுவரைத் தட்டினார். சத்தத்தைக் குறையுங்கள் என்று அர்த்தம். அன்று பாட்டை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்தத் தட்டலை மறக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் செல்வராஜ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆண்டவர் பெயரைக் கேட்டாலே சுவரை இடிக்கிற அளவுக்கு மனுஷன் மாறிவிட்டான் என்று மற்றவர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தத்தில் செபம் இன்னும் பலமானது.

அந்த வெள்ளிக்கிழமை வாசகம் காணாமற்போன ஆடு. நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போக, மற்றவற்றை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை. செல்வராஜ் வாசித்தார். அற்புதராஜ் அழகாக விளக்கம் சொன்னார். தவறிப்போன ஆடு எது என்று நமக்கெல்லாம் தெரியும் என்று அவர் சொன்னபோது, இரண்டு மூன்று பேர் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

செல்வராஜ் புருவத்தை உயர்த்திச் சிரித்தார். மறுபடி தட்டல். இந்தமுறை அது சுவரின் அடிப்பக்கம், தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. நின்றுகொண்டு கோபத்தில் தட்டுகிறவன் ஏன் கீழே தட்டப்போகிறான் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ஈவா மட்டும் பாயிலிருந்து பாதி எழுந்தாள்.

"என்னங்க, என்னான்னு ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடட்டுமா?"

"செபத்துல இருக்கும்போது எழுந்திரிக்காதே," என்றார் அற்புதராஜ். "மனசுக்குள்ள போராட்டம் நடக்குது. நாம விட்டுடக் கூடாது." பிறகு செல்வராஜ் பக்கம் திரும்பிக் கையை மேலே உயர்த்திக் காட்டினார். செல்வராஜ் கீபோர்டில் சத்தத்தைக் கூட்டினார். எல்லாரும் எழுந்து நின்று, கைதட்டி, தொண்டை கிழியப் பாடினார்கள். மன்றாட்டில் இருதயராஜ் பெயர் வந்தபோது தட்டல் திரும்பவும் கேட்டது, முன்னைவிட மெதுவாக. அதன் பிறகு இல்லை. செபத்துக்குப் பலன் கிடைத்ததாகவே எல்லாருக்கும் பட்டது.

வடை சூடாக இருந்தது. தேநீர் ஊற்றுவதிலும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிய பேச்சிலும் ஈவாவும் சுவரை மறந்துபோனாள். மறுநாள் அற்புதராஜுக்கு ஓவர்டைம், ஈவாவுக்கு லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கும் வேலை. போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவைத் தாண்டித்தான் இருவரும் நடந்தார்கள்.

இருதயராஜ் வீட்டுக்கு மறுபக்கத்தில் இருப்பவர் சம்சுன்னிசா. மலேசியாவில், ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்துவிட்டு ஞாயிறு மதியம் திரும்பினார். வாங்கி வந்த பலகாரத்தில் கொஞ்சம் கொடுக்கலாமென்று பக்கத்துக் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, காற்றாடி ஓடியது, ஆள் வரவில்லை. சன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அற்புதராஜிடம் ஓடி வந்தார். பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த அற்புதராஜ், தூங்குவார் அக்கா, அவருக்கு ஆள் வந்தாலே பிடிக்காது என்றார்.

"எனக்கு எப்பவும் திறப்பார் அண்ணே," என்றார் சம்சுன்னிசா. அங்கேயே நின்று போலீசுக்கு அழைத்தார்.

கதவை உடைத்தார்கள். இருதயராஜ் சுவரை ஒட்டித் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கையில் ஊன்றுகோல். அவர் தலைக்கு நேராகச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. தொலைபேசி மேசைமேல் எட்டாத தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை விழுந்திருப்பார், மறுநாளும் உயிர் இருந்திருக்கும் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

சம்சுன்னிசா காரிடாரில் உட்கார்ந்து, நான் ஊரில் இல்லாமல் போய்விட்டேனே, இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குற்றமே செய்யாதவர் அழுதுகொண்டிருந்தார். அற்புதராஜ் அந்தச் சுண்ணாம்புத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டறையில், கப்பல் தொட்டிக்குள் இறங்கியவன் இரும்பில் தட்டினால் என்ன அர்த்தமென்று புதிதாக வருகிற தொழிலாளிகளுக்கு வகுப்பெடுப்பவர் அவர். தட்டல் கேட்டால் வேலையை நிறுத்து, இயந்திரத்தை நிறுத்து, முதலில் போய்ப் பார். அவர் வாய்க்கு மனப்பாடமான பாடம் அது.

டானியலா விமானத்தில் வந்து சேர்ந்தாள். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பந்தல்போல் திரை கட்டி, பெட்டியை வைத்திருந்தார்கள். மாலையில் அன்பியத்தார் செபமாலை சொல்ல வந்தார்கள். அதற்கு முன்னாலேயே செல்வராஜ் அற்புதராஜைத் தூணோரம் அழைத்துப்போய் மெதுவான குரலில் பேசினார்.

"நமக்கு எப்படிண்ணே தெரியும்? போன வருஷமும் இப்படித்தானே தட்டினாரு. அந்தப் பொண்ணுகிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம் லா. தெரிஞ்சா இன்னும் கஷ்டம்தான். நம்ம செபத்தைக் கேட்டுக்கிட்டே நிம்மதியா போயிருக்காருன்னு நெனச்சுக்குவோம்."

அந்த யோசனை அற்புதராஜுக்கு ஆறுதலாக இருந்தது என்பதுதான் உண்மை. வீட்டில் ஈவா அவரோடு பேசியே இரண்டு நாள் ஆகிவிட்டது. தன்னையும் அவரையும் சேர்த்தே அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தெரியாமல் போய்விட்டால் வீட்டுக்குள்ளும் நாளடைவில் ஆறிவிடும் என்று அவர் ஓர் ஓரத்தில் நம்பினார்.

செபமாலை ஆரம்பிக்கப்போகும் நேரத்தில் டானியலா எழுந்து அவரிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், நீங்கதான் நெக்ஸ்ட் டோர். அன்னிக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா? அப்பா கூப்பிட்டாரா?"

செல்வராஜ் கீழே பார்த்தார். ஈவா தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள். இவர் இப்போது பொய் சொன்னால் மிச்ச காலத்துக்கும் இந்த மனிதனோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"கேட்டுச்சும்மா," என்றார் அற்புதராஜ்.

அப்புறம் முழுவதையும் சொன்னார். வாசகத்தை, தட்டலை, ஈவா எழுந்ததை, தான் உட்காரச் சொன்னதை, கையை உயர்த்திக் காட்டியதை. செல்வராஜ் பெயரை எடுக்கவில்லை. உங்க அப்பா சாமிமேல் கோபமாக இருந்ததால் நாங்கள் அப்படி நினைத்துவிட்டோம் என்று கடைசியில் சொன்னபோது, டானியலா புரியாமல் பார்த்தாள்.

"என்ன கோபம்? அப்பாவுக்கு முழங்கால் போச்சு அங்கிள். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியல. சண்டே ஆனா ஆன்லைன்ல பூசை பாப்பார்." அவள் குரல் உயரவில்லை. "உங்கள பத்தி போன்ல சொல்லுவார். ஒவ்வொரு ஃப்ரைடேயும் என் பேரைச் சொல்லி செபம் பண்றாங்கம்மா, ஒரு நாளாச்சும் என் வாசல்ல வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நல்லா இருக்கும்னு சொல்லுவார். நான் ஜோக்குன்னு சிரிச்சேன்."

அவள் திரும்பிப் போய்ப் பெட்டியின் பக்கத்தில், சம்சுன்னிசாவுக்கு அருகே உட்கார்ந்துகொண்டாள். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை. தான் சிரித்த சிரிப்பு ஒன்று அவளிடமும் இருந்தது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகச் செய்வதையே செல்வராஜ் செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சகோதரர் இருதயராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம் என்று ஆரம்பித்தார். எல்லாரும் நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள்.

"கண்ணை மூடாதீங்க," என்றார் அற்புதராஜ். "செபம் வேணாம்னு சொல்லல. ஆனா செபத்தைச் சாக்கா வச்சு நாம எழுந்து போகாம இருந்துட்டோம். ஒருத்தர் கஷ்டத்துல இருக்கார்னு தெரிஞ்சா முதல்ல அவர் வாசலுக்குப் போகணும், அப்புறம்தான் ஆண்டவர்கிட்ட அவரைப் பத்திப் பேசணும். காணாமப்போன ஆட்டுக்காக மேய்ப்பன் மத்த ஆடுங்களோட உக்காந்து மன்றாடினான்னு இயேசு சொல்லல. எல்லாத்தையும் விட்டுட்டுத் தேடிப் போனான்னுதான் சொன்னாரு. நாம தேடிக்கூடப் போக வேண்டியதில்ல. நம்ம ஆடு சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் கெடந்துச்சு. அது கத்துச்சு. நாம சத்தத்தைக் கூட்டினோம்."