ஆறு தூண்கள்

கீரிமலையில் மலை கிடையாது. ஆனாலும் குருநகரில் என் மனைவி றொசாந்தியின் ஆட்கள், "மலையிலை பங்களா வாங்கிட்டினம்" என்று எங்களைப் பகிடி பண்ணினார்கள். நாங்கள் வாங்கியது ஆறு தூண்களும் இடுப்பளவுச் சுவரும் நின்ற, பாதியில் கைவிட்ட வீடு. கனடாவுக்குப் போன குடும்பம் பத்து வருடமாகத் திரும்பிப் பார்க்காத வளவு.

நான் மேசன். கிழமை நாட்களில் ஊரார் வீட்டைக் கட்டினேன். ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்கள் சுவரை எழுப்பினேன். றொசாந்தி கல் சுமந்தாள், சாந்து குழைத்தாள். அவளுடைய விரல் நுனிகளைச் சீமெந்து தின்றுவிட்டது. எட்டு மாதத்தில் சுவர் ஏறியது. திங்கட்கிழமை மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போட ஆட்களும் மெசினும் சொல்லியாயிற்று. பலகை அடித்து, கம்பியும் கட்டி முடித்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, பலகைக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தவள் கடற்பக்கத் தூணுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தூணின் அடி வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இது உப்பு."

"கடற்காத்தடியப்பா. இந்தப் பக்கம் எல்லா வீட்டிலையும் பூக்கும்."

"காத்திலை வாற உப்பு எனக்குத் தெரியாதோ? நான் கருவாடு காயவிட்டு வளர்ந்தவள். இது உள்ளுக்கை இருந்து வருது."

கத்தியால் சுரண்டினாள். கொங்கிறீற் பொலபொலவென்று உதிர்ந்தது. கூடவே நகமளவு சிப்பித் துண்டொன்று. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மேசன்தானே நீங்கள். இது எப்பிடி உள்ளை போனது?"

எனக்குத் தெரியும். அள்ளிப் போட்டவன் நான்.

இந்தத் தூண்கள் எழும்பிய வருடம் நான் இங்கே கூலிக்கு நின்றேன். மண் ஏற்றிவரும் றக்ரர் வரவில்லை. வேலையை எடுத்தவர் கடற்கரையில் அள்ளச் சொன்னார், அள்ளினேன். வளவு விலைக்கு வந்தபோது அது ஞாபகத்துக்கு வராமலில்லை. கடல் மண்ணைக் குவித்து ஒரு மாரி மழையில் விட்டால் உப்புப் போய்விடும் என்பது மேசன்மாரின் நம்பிக்கை. இதற்குப் பத்து மாரி பெய்திருக்கிறதே என்று நினைத்தேன். குவியலில் கிடக்கும் மண்ணும் இறுகிய தூணும் ஒன்றல்ல; தூணுக்குள் அகப்பட்ட உப்பு கம்பியை அரித்துக்கொண்டே இருக்கும். வீட்டு ஆசை அதை மறைத்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜெசிதாவையும் இதுக்குக் கீழைதான் படுக்க வைக்க இருந்தனீங்களோ?" என்றாள். ஜெசிதா எங்கள் மகள், ஆறு வயது. றொசாந்தி மரியாதை குறையாமல்தான் கேட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எந்தத் தூண்?"

"ரெண்டு. மூண்டாயும் இருக்கும். ஞாபகமில்லை."

ஒவ்வொரு தூணாகப் போனாள். ஆழமாகச் சுரண்டினாள், நக்கினாள், துப்பினாள். கரித்துண்டால் கோடு போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதிலும் கோடு விழுந்தது. ஐந்தாவதைக் கோடில்லாமல் கடந்தாள். ஆறாவதில் வெகுநேரம் நின்றாள்.

"தெரியேல்லை. நாக்கு மரத்துப் போச்சு."

நான் போய் நக்கிப் பார்த்தேன். "உப்பில்லை."

"உங்கடை நாக்கை நான் நம்பேல்லை" என்று ஆறாவதிலும் கோடு போட்டாள்.

தூணை உடைப்பதென்றால் முதலில் மேலே இருப்பதை இறக்க வேண்டும். நான்கு நாள் அடித்த பலகை. மெசின்காரனுக்குப் போன் எடுத்து, திங்கள் வரவேண்டாம் என்றேன்.

"ஏனண்ணை?"

"தூண் சரியில்லை."

"ஆர் போட்ட தூண்?"

றொசாந்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றேன்.

ஏணியில் ஏறினேன். வழக்கமாக ஓடிவந்து பிடிப்பவள் அன்றைக்கு வரவில்லை. முதல் ஆணியைப் பிடுங்கியபோதுதான் கீழேயிருந்து குரல் வந்தது.

"பலகையை உடைச்சுப் போடாதேங்கோ. திரும்ப அடிக்க வேணும்."